சுய விருப்பத்தின் பேரில்

நர்ஸ் தலைமுடியை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னிவிட்டபோது பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன இரட்டைப் பின்னல். முதுகுப் பக்கம் நாடா கட்டும் பச்சைக் கவுன், காலில் இறுக்கமான வெள்ளை உறை, புறங்கையில் ஊசியை ஏற்றி ஒட்டிய பிளாஸ்திரி. கழுத்திலும் காதிலும் கிடந்ததையெல்லாம் கழற்றிக் கணவனின் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாயிற்று. வாயில் கட்டின பல் ஏதாவது இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். எல்லாம் ஒரிஜினல்தான் என்றாள் பாப்பா. நர்ஸும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு நர்ஸ் வாசலில் வந்து நின்று, பாப்பாவைப் பார்க்காமல் பின்னல் போட்டவளை மட்டும் பார்த்து, "பக்கத்து ரூம் பேஷண்ட் இங்கே வந்தாரா?" என்றாள்.

பக்கத்து ரூம் பேஷண்ட் என்றால் அண்ணன். ஒரு சுவர் தள்ளி அவனுக்கும் இதே பச்சைக் கவுன் கொடுத்திருந்தார்கள். முதலில் அவனைத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள், அவனிடமிருந்து எடுக்கிற வேலை பாதி நடக்கும்போதுதான் இவளை உள்ளே அழைப்பார்கள் என்று முன்தினமே படம் போட்டு விளக்கியிருந்தார்கள். பாப்பாவின் கணவன் எழுந்துபோய்ப் பார்த்தான். கட்டிலின்மேல் கவுன் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. துணிக்கடையில் அடுக்குவதுபோல விளிம்போடு விளிம்பு சேர்ந்த மடிப்பு. கட்டிலுக்கடியில் செருப்பு இல்லை. கைகழுவும் தொட்டியின்மேல் பல் பிரஷ் இன்னும் ஈரமாக இருந்தது. "டீ குடிக்கப் போயிருப்பார்" என்று அவன் திரும்பி வந்து சொன்னான். பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது என்று சொல்லியிருக்கும்போது டீ எப்படி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பாப்பாவும் கேட்கவில்லை.

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குப் பிரேம் எடுத்துக் காட்டுவது, முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது, காதுக்குப் பின்னால் அழுத்தாதபடி கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது. மனிதர்கள் மனம் மாறுவதை அவளைப்போலப் பார்த்தவர்கள் குறைவு. கடையில் இருக்கிற அத்தனை பிரேமையும் போட்டுப் பார்த்து, இதுதான் இதுதான் என்று உருகி வாங்கிப்போனவர் மறுநாள் கடை திறக்குமுன் வாசலில் நிற்பார். பிரேமில் குறை இருக்காது, வீட்டிலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னமோ பிடிக்கலைங்க என்பார். பாப்பா முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து அவர்களைப்போலவே நடித்துக் காட்டுவாள். அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது அண்ணன்தான்.

கால் வீங்கியபோது நாளெல்லாம் நின்று வேலை செய்வதால்தான் என்று நினைத்தாள். முகமும் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள். கடைசியில் டாக்டர் சொன்னபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய கைவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தம் வெளியே போய், ஒரு மனிதன் உயரத்துக்கு நிற்கிற இயந்திரத்துக்குள் சுற்றி, கழுவப்பட்டுத் திரும்பி வரும்வரை கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க வேண்டும். எழுந்து வரும்போது அடித்துப் பிழிந்த துணிபோல இருக்கும். கணவன் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். நான் தருகிறேன் என்று முதலில் கையைத் தூக்கியவன் அவன்தான். அவனுக்குச் சர்க்கரை இருப்பது அந்தச் சோதனையில்தான் தெரியவந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. பிறகு மிஞ்சியது அண்ணன்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தான். ஊரில் பாதிப்பேர் அவனிடம் கிளட்ச் மிதிக்கக் கற்றவர்கள். அப்பா போனபின் படிப்பைப் பாதியில் விட்டு வீட்டைத் தோளில் தூக்கியவன். சொன்னா சொன்னதுதான் என்பது அவன் வாயில் எப்போதும் கிடக்கும் வார்த்தை. வெறும் வாய்வார்த்தையும் இல்லை, நாலு மணிக்கு வருகிறேன் என்றால் மூன்றே முக்காலுக்குத் தெருமுனையில் அவன் வண்டிச் சத்தம் கேட்கும். உறவில் எந்தப் பையன் சொல்பேச்சு மாறினாலும் அவனைக் காட்டித்தான் திட்டுவார்கள். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, உப்பை எடுத்துக் கொடு என்று கேட்கிற குரலில், "என் கிட்னி ஒண்ணு பாப்பாவுக்குத்தான். டெஸ்ட் பண்ணிட்டு வந்துட்டேன். ஒத்துப்போகுது" என்றான். அம்மா தட்டிலேயே அழுதாள். பாப்பாவின் கணவன் எழுந்து, கழுவாத கையோடு மச்சானைக் கட்டிக்கொண்டான். அண்ணி மட்டும் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் அண்ணி ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. பேசாமல் இருந்து பார்த்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தாள். உறவுக்காரர்களைத் தூது அனுப்பிப் பார்த்தாள். ஒருநாள் நேராகக் கண்ணாடிக் கடைக்கே வந்து, ஒரு கிழவருக்குப் பிரேம் மாட்டிக்கொண்டிருந்த பாப்பாவின் முன்னால் நின்று, என் பிள்ளைகளோட அப்பாவை அறுத்துத்தான் நீ பிழைக்கணுமா என்று கேட்டாள். கிழவர் போட்டிருந்த கண்ணாடியோடு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பாப்பா அன்று மாலையே அண்ணனிடம் போய், வேண்டாம் அண்ணா, இத்தோடு விட்டுவிடலாம் என்று அழுதாள். அவன் அசையவில்லை. அவ கத்துறது கத்தட்டும், நான் முடிவு பண்ணது பண்ணதுதான் என்றான். ஆஸ்பத்திரியில் நாலுபேர் கொண்ட ஒரு குழு மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது. "வற்புறுத்தறாங்க சார், என் பொண்டாட்டி. வேண்டாம்னு" என்றானாம். குழுவே சிரித்துவிட்டதாம். சுய விருப்பத்தின் பேரில் என்று எழுதிய இடத்தில் அவன் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் தாள் கிழிந்து, இன்னொரு தாள் கொண்டுவந்தார்கள்.

முந்தைய நாள் சாயங்காலம்கூட அவன் இவள் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான். எந்தப் பக்கம் வேணுமோ சொல், நல்லதாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன் என்றான். பாப்பா அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. அந்தக் கையில் நடுக்கமில்லை, வியர்வையில்லை. அதை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். எங்காவது ஒரு சின்ன நடுக்கம் இருந்து தான் கவனிக்காமல் விட்டோமா என்று அந்தக் கையை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

கணவன் கேன்டீனுக்கு ஓடினான். மொட்டை மாடிக்கு ஓடினான். வண்டி நிறுத்துமிடத்தில் வரிசை வரிசையாகத் தேடினான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வாசல் காவலாளி, நீலச் சட்டை போட்ட ஒருத்தர் குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போனார் என்றான். பதற்றமாகப் போனாரா என்று கேட்டதற்கு, இல்லை, வேலைக்குப் போகிற மாதிரிதான் போனார் என்றான். இவ்வளவையும் கணவன் மூச்சிரைக்க வந்து சொன்னபோது பாப்பா இரட்டைப் பின்னலோடு கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கேட்டது காதில் விழுந்தது. அர்த்தமும் புரிந்தது. ஆனால் இரண்டும் ஒன்றுசேரவில்லை. வேறு யாரோ ஒரு பெண்ணுக்கு வேறு யாரோ ஒரு அண்ணன் செய்ததைப்போல இருந்தது.

ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டர் தலையில் மாட்டியிருந்த துணித்தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவருக்கு அந்த உரிமை உண்டும்மா. மேஜைமேல படுத்த பிறகுகூட வேண்டாம்னு சொல்லலாம். ஏன்னு கேட்க எங்களுக்கே உரிமை கிடையாது" என்றார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடைசி டெஸ்ட்ல ஏதோ சரியில்லைன்னு நாங்களே உங்ககிட்ட சொல்லியிருப்போம். உங்களுக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காது. வழக்கமா அப்படித்தான் பண்றது."

ஆறுதலாகத்தான் சொன்னார். பாப்பாவுக்கு அதுதான் பிடரியில் அடித்தது. இந்தக் கட்டிலில் இதற்குமுன் எத்தனைபேர் படுத்து, டெஸ்ட் சரியில்லையாம் என்று கேட்டு, தலைவிதி என்று நினைத்துக்கொண்டு, தம்பியையோ மாமாவையோ கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்த அந்தப் பொய்கூடத் தனக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் போனதும் அவள் செய்த முதல் காரியம் நர்ஸைக் கூப்பிட்டு, பசிக்குது, சாப்பிட ஏதாவது குடுங்க என்று கேட்டதுதான். ரொட்டியும் பாலும் கொண்டுவந்தார்கள். ஒன்றுவிடாமல் தின்றாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தின்றாள். கணவன் சுவரில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மெல்லும்போது பின்னல்கள் இரண்டும் தோளில் ஆடுவது அவளுக்கே தெரிந்தது. என்ன பிறவி இது, இந்த நேரத்தில் எப்படித் தொண்டைக்குள் இறங்குகிறது என்று தோன்றியது. இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் அண்ணி வந்தாள். தோளில் ஒரு பை, அதில் பிளாஸ்க், துவட்டத் துண்டு, புருஷனுக்குப் பழைய மெத்தென்ற சட்டைகள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்து, வாசலில் காத்திருக்க வந்தவள், ரொட்டி தின்றுகொண்டிருக்கும் நாத்தனாரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பாப்பாவின் கணவன்தான் சொன்னான். கோபமாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து முடித்தான். இதெல்லாம் இவள் வேலையாகத்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தவன், அவள் முகம் போன போக்கைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டான். அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பையிலிருந்து சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவற்றின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"நான்தான் பாப்பா கெடுத்துட்டேன்" என்றாள்.

போகாதீங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்களா என்று பாப்பா கேட்டாள்.

"சொல்லலையே. அதான் சொல்றேன். இத்தனை மாசமா வேண்டாம் வேண்டாம்னு கத்தினேன், மனுஷன் மலை மாதிரி நின்னார். நேத்து சாயங்காலம் நான் இங்கே அவரைப் பார்க்க வந்திருந்தப்போ உன் ரூம்லேர்ந்து வந்தார். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கே மனசு கரைஞ்சுபோச்சு. சரிங்க, நல்லபடியா குடுத்துட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். முழு மனசோட சொன்னேன். அவர் அப்படியே என்னைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. நான் சந்தோஷத்துல பேச்சு வரலைன்னு நெனச்சேன்."

பாப்பா கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்கிற கதவை உள்ளேயிருந்து சட்டென்று திறந்துவிட்டால் அவர் என்ன ஆவார் என்று அவள் நினைத்தாள். அப்படியானால் அத்தனை மாதமும் அவன் நின்ற நிலை தன்மேல் வைத்த பாசத்தில் நின்றதா, பெண்டாட்டியின் கூச்சலில் சாய்ந்து நின்றதா. இந்தக் கேள்வியைக் கணவனிடம் கேட்கலாமா என்று நிமிர்ந்து பார்த்தாள். அவன் அங்கே இல்லை. மச்சானைத் தேடிப் புறப்பட்டிருந்தான்.

போனவன் மதியத்துக்குமேல் திரும்பினான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு, "மைதானத்துல இருக்கான்" என்றான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மச்சானைப் பற்றி அவன் வாயில் 'ன்' வந்து பாப்பா கேட்டதில்லை. "வண்டி கத்துக்குடுத்துட்டு இருக்கான். பக்கத்துல ஒரு பொண்ணு. கிளட்சை மெதுவா விடும்மா, மெதுவா விடும்மான்னு சொல்லிட்டு இருக்கான். நான் போய் முன்னாடி நின்னேன். என்னைப் பார்த்தான். கொஞ்சம் ஓரமா நில்லுங்க மாப்பிள்ளை, புது ஆளுன்னு சொன்னான்."

அதைக் கேட்டு அண்ணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். இனி அந்த ஆளோடு ஒரு வீட்டில் இருக்க மாட்டேன், இப்போதே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன் என்றாள். அப்படியே போகவும் செய்தாள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு கிளம்புவதற்குள் சாயங்காலம் அவன் பசியோடு வந்து உட்கார்ந்ததும் தட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். மறுநாள் அவளே வந்து அதையும் சொன்னாள். ஏன் போட்டேன்னு எனக்கே தெரியலை பாப்பா, கை தன்னால போகுது என்றாள்.

மறுபடியும் இயந்திரம், கட்டில், பிழிந்த துணி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அண்ணிதான் கூட வந்து உட்கார்ந்தாள். எந்தக் கிட்னியைக் கொடுக்கக் கூடாது என்று வீட்டையே இரண்டாக்கினாளோ, அது கிடைக்காமல் போனதற்கு நாத்தனாரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பாப்பாவுக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சம்பவம் நடந்த அன்று போனில் அழுது, அவன் உருப்படுவானா என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசிய சித்தி, இரண்டு மாதம் கழித்து நேரில் வந்தபோது வேறு ராகம் பாடினாள். அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கில்லையா, பாவம், நீயும் அவ்வளவு தூரம் அவனை நெருக்கியிருக்கக் கூடாது என்றாள். பாப்பா திகைத்துப்போனாள். தான் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தாள். கூட இருந்த அம்மா சித்தி சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் கண்ணீர் விட்ட அதே அம்மா.

அதைவிடப் பெரிய அடி அப்புறம் விழுந்தது. டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது, சாலையோர டீக்கடை பெஞ்சில் கணவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் அண்ணன். கணவன் ஏதோ சொல்ல, அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான். இனி அவன் முகத்தில் முழித்தால் என்னைச் செருப்பால் அடி என்று சொன்ன கணவன். வீட்டுக்கு வந்து கேட்டபோது அவன் மறைக்கவில்லை. எதிரில் வந்தார், அழுதார், என்ன செய்யச் சொல்கிறாய் என்றான். 'ன்' போய் 'ர்' திரும்பி வந்திருந்தது. அழுதவர் ஏன் சிரித்தார் என்று பாப்பா கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, அது வேறே விஷயம், எங்க ஸ்கூல்ல நடந்த ஒண்ணைச் சொன்னேன் என்றான். எல்லாரும் அதே மனிதர்கள்தான், ஒவ்வொரு நாளும் வேறுவேறு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல பாப்பாவுக்குத் தோன்றியது.

அந்த வாரமே, டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், யாரிடமும் சொல்லாமல் அவள் மைதானத்துக்குப் போனாள். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். பயந்துவிட்டேன் என்றால் என்ன பதில், பிள்ளைகள் முகம் வந்தது என்றால் என்ன பதில், கெட்ட கனவு கண்டேன் என்றால் என்ன பதில் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று கைவசம் இருந்தது. அண்ணன் வண்டியின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் துணியைக் கீழே போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, தான் சுற்றிப்போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். பாப்பா ஏறினாள். அவளுக்கு அவன் ஓட்டச் சொல்லிக்கொடுத்த வண்டிதான். கை மறக்கவில்லை. மைதானத்தைவிட்டு வெளியே வந்து, மரக்கடைகளைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறினாள்.

"ஏன்?" என்றாள்.

அவன் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி சொன்னான். "காலைல எழுந்தேன். பல் தேய்ச்சேன். மனசு நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா. அந்தக் கவுனைப் போட்டேன். பின்னாடி நாடா கட்ட வரலை. நர்ஸைக் கூப்பிடலாம்னு கதவுகிட்டப் போனேன். போறப்பவே தெரிஞ்சுபோச்சு, கூப்பிடப்போறதில்லைன்னு."

"பயமா?"

"பயம்னா சொல்லியிருப்பேன். டாக்டரே தைரியம் சொல்லியிருப்பார். பயம் இல்லை. வேண்டாம்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

கொண்டுவந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. கோபம் வரும் என்று பாப்பா காத்திருந்தாள். வரவில்லை. தரை இருக்கும் என்று காலை வைத்த இடத்தில் தரை இல்லாமல், இன்னும் கீழே, இன்னும் கீழே என்று கால் போய்க்கொண்டிருந்தது. அப்போ என்மேல பாசம் எல்லாம் போயிடுச்சா என்று கேட்டாள். அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத் திரும்பினான்.

"அது எங்கே போகும்? அது இருந்துட்டேதான் இருக்கு. அன்னைக்குக் காலையிலயும் இருந்துச்சு."

லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. பாப்பா வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். நீளமான சரக்கு ரயில். ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலாக அண்ணன் அவள் பக்கம் சாய்ந்து, "நான் தரேன் பாப்பா" என்றான்.

சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அவள் திரும்பினாள்.

"மறுபடியும் போவோம். நாளைக்கே டாக்டரைப் பார்ப்போம். இப்போதான் தோணிச்சு, நீ அந்த வளைவுல திரும்பினப்போ. கை எப்படி ஒல்லியாப் போச்சு உனக்கு. தரேன். சொன்னா சொன்னதுதான்."

அவள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். காது, புருவம், மூக்குத்தண்டு, கண். முகங்களைப் பார்ப்பதுதான் அவள் தொழில். இதில் ஒரு துளி நடிப்பு இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இருந்த முகம் இதுதான். சட்டையைத் தூக்கிக் காட்டிய சாயங்காலத்து முகமும் இதுதான். அன்றும் அவன் சொன்னது நிஜம். கதவுக்குப் போய்ப் பாதியில் நின்றதும் நிஜம். இப்போது சொல்வதும் நிஜம். எது பொய் என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பதால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இறங்கிப் போய்விட வேண்டும். அவன் வந்து காலில் விழுந்தாலும் அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட வேண்டாம் என்று கணவனிடமும் அண்ணியிடமும் எத்தனைமுறை சொல்லியிருப்பாள். நெஞ்சில் அறைந்துகொண்டு சொல்லியிருக்கிறாள். இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறாள். வாயைத் திறந்தாள்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?" என்று வந்தது.

"இல்லை, இன்னும் இல்லை. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. இப்போ அவளே குடுக்கச் சொல்றா."

அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று பாப்பா நினைத்தாள். அண்ணியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கத்தச் சொல்ல வேண்டும். வேண்டாம், கூடாது, செத்தாலும் விட மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை, தியேட்டர் கதவுவரை, இவனுக்கு மயக்கமருந்து ஏறும்வரை நிறுத்தாமல் கத்தச் சொல்ல வேண்டும். எந்தெந்த இடத்தில் அழ வேண்டும், எப்போது அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுவரை மனம் கிடுகிடுவென்று போட்டுக்கொண்டே போனது. போன வேகத்தைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. நிறுத்தினாள். ஸ்டியரிங்கின்மேல் இருந்த தன் இரண்டு கைகளும் யாருடையவையோபோலத் தெரிந்தன. அண்ணன் பக்கத்தில் எந்தக் கிழமை போகலாம், எந்த டாக்டரிடம் முதலில் பேசலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் ரயில் பெட்டிகளின் ஆட்டத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுவதை அவள் உணர்ந்தாள்.

கடைசிப் பெட்டி போய் மறைந்தது. கேட் மேலே எழும்பியது. பாப்பா இன்ஜினைக் கிளப்பினாள். பொறுக்க முடியாமல் இந்தப் பக்கத்து வண்டிகள் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றிருந்தன. அந்தப் பக்கமும் அப்படியே. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பித் தண்டவாளத்தின் நடுவில் நெற்றியோடு நெற்றி முட்டாத குறையாக வந்து நின்றன. எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறின. ஒரு பால் வண்டிக்காரர் இறங்கி வந்து, கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, பின்னால் போங்கள், பின்னால் போங்கள் என்று காட்டினார். யாரும் போகவில்லை. பின்னால் போக இடமும் இல்லை. முதல் கியர்லயே வெச்சிரு என்றான் அண்ணன். பாப்பா கிளட்சை மிதித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் தன் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கி, உறுமிக்கொண்டு நிற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, ஒவ்வொரு அடியாக வைத்து வந்துகொண்டிருந்தான். சைக்கிளின் முன்சக்கரம் அவன் தலைக்குமேலே, காற்றில், தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.